சேலத்தில் ஸ்ட்ராபெர்ரி: வெயில் இருக்கிறது, குளிர் எங்கே?

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளில் விடிவதற்கு முன்பே விளக்கு எரியும். முட்டைக் கோழிக்குப் பகலோடு சேர்த்து நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். வெளிச்ச நேரம் குறைந்தால் முட்டையும் குறையும். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் சாமந்தித் தோட்டத்தில் ராத்திரி பல்பு எரிவதும் இதே கணக்குத்தான். இரவு நீண்டால் சாமந்தி முன்கூட்டியே மொட்டு கட்டிவிடும். நடுராத்திரியில் வெளிச்சம் காட்டினால் செடி நன்றாக வளர்ந்த பிறகே பூக்கும்.

விளக்கு வைத்து விளைச்சலை வசப்படுத்துவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. அதே துணிச்சலில், மூடிய அறையில் எல்.இ.டி. போட்டு ஸ்ட்ராபெர்ரி வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

சைகை வேறு, சாப்பாடு வேறு

கோழிக்கும் சாமந்திக்கும் விளக்கு வெறும் சைகை. கோழி ஷெட்டில் 10 முதல் 20 லக்ஸ் வெளிச்சமே போதும். மூடிய அறையில் இருக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கோ விளக்குதான் சாப்பாடு. இலை மட்டத்தில் சுமார் 15,000 லக்ஸ், தினமும் 12 முதல் 16 மணி நேரம் விழ வேண்டும். கோழிக்குக் கொடுப்பதைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு!

இதில் குறை வைத்தால் பழத்தைக் கடித்ததுமே தெரிந்துவிடும். பழத்தின் இனிப்பு இலை தயாரித்து அனுப்பும் சர்க்கரை. மாம்பழத்தைப் போலப் பறித்துவைத்துப் பழுக்கவிட்டால் ஸ்ட்ராபெர்ரியில் இனிப்பு ஏறாது. செடியில் இருக்கும்போது சேர்ந்ததுதான். ஒளியின் நிறமும் தரத்தைத் தீர்மானிக்கிறது. ஒளிச்சேர்க்கைக்குச் சிவப்பு ஒளி மிகவும் உதவுகிறது. பழத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் ஆந்தோசயனின் உருவாக நீல ஒளி தூண்டுகிறது. அதற்காக ஒளியை அளவில்லாமல் கொட்டவும் முடியாது. வளர்ச்சியின் வேகத்துக்கு ஈடாகக் கால்சியம் போய்ச் சேராமல் இளம் இலைகளின் நுனி கருகும்.

குறை ஒளியில் இல்லை

சேலத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. பகல் குறுகினால் பூக்கும் ஸ்ட்ராபெர்ரி ரகங்களுக்கு இந்த அளவு தடையே இல்லை. நம் வெயிலில் கிடைக்கும் ஒளியோ செடியின் தேவையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். இல்லாதது குளிர்தான்.

இந்தச் செடி கேட்பது பகலில் 20 முதல் 25 டிகிரி, இரவில் 10 முதல் 15 டிகிரி. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அது விளைவதற்கும், மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி 2010-ல் புவிசார் குறியீடு பெறும் அளவுக்குப் பேர் எடுத்ததற்கும் மலைக்குளிர்தான் அடிப்படை. இரவு குளிர்ந்தால் பழம் நிதானமாகப் பழுக்கும். சர்க்கரை சேர அவகாசம் கிடைக்கும். சூட்டிலே பழுத்தால் சிறுத்து, புளிப்பு தூக்கலாகிவிடும். சேலத்திலோ தை மாத இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது.

கணக்கு போட்டுப் பாருங்கள்

நல்ல எல்.இ.டி. விளக்கு போட்டாலும், பழப்பயிருக்கான ஒளிக்குச் சதுர மீட்டருக்குத் தினமும் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மின்சாரம் ஆகும். 100 சதுர மீட்டர் அறைக்கு மாதம் 4,500 யூனிட். அந்த மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாக மாறி அறைக்குள்ளேயே தங்கும். அதை வெளியேற்ற ஏ.சி. ஓட வேண்டும், அதற்கான மின்சாரம் தனி.

அமெரிக்காவில் 2016-ல் தொடங்கிய ஓயிஷி நிறுவனம் இப்படித்தான் ஜப்பானிய ரகத்தை மூடிய அறைக்குள் வளர்க்கிறது. மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீக்களையும் உள்ளே விட்டிருக்கிறது. தொடக்கத்தில் அந்தப் பழம் ஒரு சிறு பெட்டி 50 டாலருக்கு விற்றது. அந்த விலை கொடுக்க நியூயார்க்கில் ஆள் இருந்தார்கள். சேலம் கடைவீதியில் அதே பழம் கொடைக்கானல் பழத்தோடு போட்டி போட வேண்டும்.

ஆசைப்படுபவர்களைத் தடுப்பது நோக்கமல்ல. கடன் வாங்கி அறை கட்டும் முன், ஐப்பசியில் நிழல்வலைக்கு அடியில் சில நூறு நாற்றுகளை நட்டு, வேர்ப்பகுதியைக் குளிரவைத்துப் பாருங்கள். ஒளியை வெயிலே இலவசமாகக் கொடுக்கட்டும். மழை மூட்டமான நாட்களுக்கு மட்டும் விளக்கு துணை வரட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி ஒவ்வொரு பறிப்பிலும் இனிப்பை அளந்து, இரவு வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்துவையுங்கள். ஒரு பருவம் முடிந்ததும் பணத்தைக் குளிருக்குப் போடுவதா, ஒளிக்குப் போடுவதா, இந்தப் பயிரையே விடுவதா என்பதை அந்தக் குறிப்பை வைத்து முடிவெடுக்கலாம்.