"நிறம் கொஞ்சம் கம்மி"



பாலவாக்கம் குழுக் கூட்டங்களில் கல்யாணப் பேச்சு வந்தால் ஒரு வார்த்தை தவறாமல் வந்துவிடுகிறது. "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, நிறந்தான் கொஞ்சம் கம்மி." கடற்கரை வெயிலில் மீன் விற்கிற நாமே இதைச் சொல்கிறோம்! மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பவுன் கூட்டிக் கேட்பதற்கும் இந்தக் 'கம்மி'தான் சாக்கு. அதற்காகக் கடன் வாங்கி, தவணை கட்டுவது யார்? நாம்தான்.

அழகு என்பது எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. தென்மாவட்டங்களில் நம் பாட்டிமார் காதை வளர்த்துப் பாம்படம் போட்டார்கள். தோளைத் தொடும் காதுதான் அன்று அழகு. அடுத்த தலைமுறையில் பலர் அதே காதை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். 'பூசினாற்போல் இருக்கிறாள்' என்பதும் ஒரு காலத்தில் பாராட்டு. இன்று சொன்னால் கோபம் வரும்.

நிறமும் அப்படித்தான். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகுக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிர் போன்ற மாநிறம் அது. காதலன் பிரிந்து போனால் அவள் மேனி வெளிறிப்போகும், அது 'பசலை'. அழகையே தின்றுவிடும் நோயாக அதைப் பாடினார்கள். அன்று வெளுப்பது நோய். இன்று வெளுப்பதற்குக் காசு கொடுக்கிறோம். மகாபாரதத்துத் திரௌபதிக்குக் 'கிருஷ்ணை' என்று இன்னொரு பெயர். கருநிறத்தாள் என்று பொருள். அவளுடைய சுயம்வரத்துக்கு அரசர்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

பிறகு எப்படி மாறியது? வெயிலில் உழைக்கிறவரைத் தாழ்வாகப் பார்க்கும் சாதிப் புத்தி, வெள்ளைக்காரர் ஆட்சி, சினிமா எல்லாம் சேர்ந்துதான். 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. சிவந்தால் வேலை கிடைக்கும், வரன் கிடைக்கும் என்று விளம்பரங்கள் காட்டின. இதை எதிர்த்து 2009-ல் நம் சென்னையிலேயே விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற பிரச்சாரத்தைத் தொடங்கியது. கருத்தவரைத் தாழ்த்திக் காட்டக்கூடாது என்று 2014-ல் விளம்பரத் தர அமைப்பு விதி வகுத்தது. 2020-ல் அந்த கிரீமே 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறிவிட்டது, நம் வாய்தான் இன்னும் மாறவில்லை.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். வெயிலின் கேட்டிலிருந்து அது நம்மைக் காக்கிறது. அதைக் குறைக்கவென்று சில கிரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள். சட்டப்படி இது தடை. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிச் சிலர் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. ஸ்டீராய்டு கலந்த ட்யூபுகளும் இருக்கின்றன. போட்ட புதிதில் முகம் பளிச்சென்று இருக்கும். போகப்போகத் தோல் மெலிந்து, பரு வந்து, முடி முளைக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை வாங்காதீர்கள்.

தயாரிப்பாளர் முகவரியும் லைசென்ஸ் எண்ணும் இல்லாத டப்பா, 'ஏழே நாளில் வெள்ளை' என்கிற டப்பா எதுவும் வேண்டாம். ஏற்கெனவே போடுகிறவர்களுக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், உடனே நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.