மரை ஏறினால் போதாது

என் மேசைமேல் ஒரு எஃகுத் தகடு இருக்கிறது. நடுவில் உள்ள துளை வட்டமாக இருந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் கிழிந்து, விளிம்பு வெளிப்புறமாக மடங்கிக் கிடக்கிறது. ஒரே ஒரு துப்பாக்கிக் குண்டு செய்த வேலை அது.

அமெரிக்காவின் டெக்சாஸில் வசிக்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு துப்பாக்கி சுடும் திடலில் பாதுகாப்புக் கண்காணிப்பாளனாக நிற்பேன். அப்படி ஒரு நாள் ஓர் இளைஞர் தன் 9 மி.மீ. துப்பாக்கியின் குழல் முனையில் சப்ரஸரைத் திருகினார். சிக்காமல் ஏறியது. முதல் வெடியிலேயே அதன் முன்மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது; என் மேசைமேல் இருக்கும் தகடு அதுதான். நல்லவேளை, யார்மேலும் படவில்லை. சப்ரஸரை எடுத்துப் பார்த்தோம். உறைமேல் 5.56 என்று தெளிவாகப் பொறித்திருந்தது.

சினிமாவில் நாம் ‘சைலன்சர்’ என்று பார்க்கும் கருவிதான் சப்ரஸர். 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் ஹைரம் பெர்சி மாக்சிம். அவருடைய தந்தை மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். அந்த ஓசையிலேயே வாழ்ந்து செவித்திறனை இழந்தவர். அமெரிக்காவில் 1934 முதல் ஒவ்வொரு சப்ரஸருக்கும் 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி முதல் அந்த வரி இல்லை. ஆனால் பதிவும் பின்னணிச் சோதனையும் அப்படியே இருக்கின்றன.

சப்ரஸரின் உறைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்புத் தகடுகள். நடுவே குண்டு போக ஒரு பாதை. குண்டைத் துரத்திவரும் சூடான வாயு அந்த அறைகளில் சுழன்று, வேகம் தணிந்து வெளியேறும். ஓசை 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். வேட்டைத் துப்பாக்கியின் வெடி 160 டெசிபலைத் தாண்டும். 140ஐத் தாண்டினாலே காதுக்கு ஆபத்து. ஆகவே சப்ரஸர் இருந்தாலும் என் திடலில் காதுக்கவசம் இல்லாமல் யாரும் சுடக் கூடாது.

அந்தப் பாதையின் அகலம்தான் உயிர்நாடி. குண்டைவிடச் சற்றே பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். 5.56 வகைத் தோட்டாவின் குண்டு உண்மையில் 5.7 மி.மீ. விட்டம், 9 மி.மீ. குண்டு பெயருக்கேற்ப 9 மி.மீ. ஆனால் இரண்டு வகைத் துப்பாக்கிகளின் குழல் முனையிலும் அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரே மரைதான்: அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. எனவே சிறிய குண்டுக்கான சப்ரஸர் பெரிய குண்டுக்கான குழலில் தடையின்றி ஏறிவிடும். குண்டு மட்டும் போகாது.

கோவையில் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். “மரை ஏறிருச்சுன்னு நம்பீராத கண்ணு, அளந்து பாரு” என்பார். அன்று அந்தத் தகட்டைக் கையில் எடுத்தபோது அவர் குரல்தான் கேட்டது.

அப்படியானால் பெரிய துளையுள்ள சப்ரஸரை எதற்கும் மாட்டலாமா? அதுவும் கூடாது. அழுத்தம் என்று ஒன்று இருக்கிறது. 9 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; 5.56ஐ ஒத்த .223 ரெமிங்டனுக்கு 55,000. கைத்துப்பாக்கிக்கென்று மெல்லிய அலுமினியத்தில் செய்த உறை, ரைஃபிளின் வாயுவைத் தாங்காமல் வெடிக்கலாம். குழல் குட்டையாக இருந்தால் வாயு இன்னும் உக்கிரமாக வந்து மோதும். அதனால்தான் எந்தத் தோட்டா, எவ்வளவு நீளக் குழல் என்று தயாரிப்பாளர் எழுதியே கொடுக்கிறார். அதை மீற வேண்டாம்.

தோட்டாவிலும் குழப்பம் வரும். .300 பிளாக்அவுட் தோட்டா, .223 துப்பாக்கியின் அதே மேகசினில் அடங்கும்; சில சமயம் அதன் தோட்டா அறைக்குள்ளும் புகுந்துவிடும். பிளாக்அவுட்டின் குண்டோ 7.8 மி.மீ. சுட்டால் சப்ரஸர் வரை போகவே வேண்டாம், துப்பாக்கியே சிதறும். இரண்டையும் ஒரே பையில் போட்டுவருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்போது எங்கள் திடலில் ஒரு வரிசைமுறை இருக்கிறது. முதலில் மேகசினைக் கழற்றி, தோட்டா அறை காலி என்று கண்ணால் பார்ப்போம். குழல்மேல் உள்ள எண், தோட்டாப் பெட்டியில் உள்ள எண், சப்ரஸர்மேல் உள்ள எண் மூன்றையும் வாய்விட்டுப் படிப்போம். மாட்டியபின், குழலின் உள்விட்டத்துக்கென்று கடைந்த நேரான கம்பியைப் பின்புறமிருந்து செலுத்துவோம். அது துளையின் நடுவே, எந்தப் பக்கமும் உரசாமல் வெளிவர வேண்டும். ஓரத்தை ஒட்டி வந்தால் சுடுவதில்லை. சுடச்சுடச் சூடேறி மரை தளரக்கூடும். அதனால் இடையிடையே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, கையுறை போட்டு முறுக்கிப் பார்ப்போம். இத்தனைக்கும் சில நிமிடங்களே ஆகும்.

இங்கே படிக்கவும் வேலைக்கும் வரும் நம் பிள்ளைகள் பலர் நண்பர்களோடு இப்படிப்பட்ட திடல்களுக்குப் போகிறார்கள். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாராவது துப்பாக்கியைக் கையில் கொடுத்தால், அந்த மூன்று எண்களையும் கேளுங்கள். சரியாகப் பதில் வராவிட்டால் வாங்காதீர்கள், தள்ளி நில்லுங்கள்.