சாய்வே சாரதி

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாக் கடைகளில், கண்ணாடி மூடிய சிறு பெட்டிக்குள் ஓடும் எஃகுக் குண்டுகளைக் கையசைவினாலேயே குழிகளில் சேர்க்கும் விளையாட்டுச் சாமானை வாங்கி ஆடியவர்களுக்கு, இன்று பிள்ளைகள் கைப்பேசியைச் சாய்த்துச் சாய்த்துப் பந்துருட்டும் புதிராட்டம் முற்றிலும் புதிய வஸ்துவாகத் தோன்றாது. 1889-இல் அமெரிக்காவில் சார்லஸ் கிராண்டல் வெளியிட்ட கோலிப் புதிரும், 1946-இல் சுவீடன் தேசத்துப் பிரியோ கம்பெனியார் திருகுகளால் சாய்க்கும்படி செய்த மரப்பெட்டியும் இவ்வம்சத்தின் மூதாதையர். 2008-இல் கைப்பேசிக்கு வந்த 'லாபிரிந்த்' ஆட்டம் அம்மரப்பெட்டியையே திரையில் வரைந்து காட்டியது.

மரப்பெட்டியில் மெய்யான குண்டு இருக்கிறது. திரையிலோ அதன் சித்திரம் மட்டுமே உண்டு. அப்படியிருக்க, நம் கை சாய்ந்ததை அது எவ்வாறு அறிகிறது? கைப்பேசிக்குள் முடுக்கமானி என்னும் நுண்கருவி உள்ளது. அதில் மயிரிழையினும் மெல்லிய சிலிக்கான் விற்களில் ஒரு சிறு பிண்டம் தொங்குகிறது. அதன் ஓரங்களில் சீப்பின் பற்கள் போன்ற தகடுகள், அசையாத வேறு பற்களுக்கிடையே நிற்கின்றன. கருவி சாயும்போது பூமியின் ஈர்ப்பினால் பிண்டம் அணுவளவு நகர, பற்களுக்கிடையிலான மின்தேக்கம் மாறுகிறது. அம்மாற்றமே சாய்வின் அளவு. 10 பாகை சாய்த்தால், ஈர்ப்பு முடுக்கமாகிய 9.8 மீ/வி²-இல் சரிவின் வழியே செயற்படுவது சுமார் 1.7 தான், வழுக்காமல் உருளும் திண்மக் குண்டு சுழல்வதற்கும் ஒரு பங்கைச் செலவிடுவதால் எஞ்சுவது 1.2. ஆட்டத்தை எழுதியவர் இக்கணக்கை விநாடிக்குப் பல தடவை இயந்திரத்தைக் கொண்டு போடுவிக்கிறார்.

சாய்வின் இந்தச் சூத்திரம் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்நியமானதன்று. போடிநாயக்கனூரில் சுளகைச் சற்றே சாய்த்து, உருண்டு வரும் ஏலக்காயில் திரண்டதையும் சூம்பியதையும் பிரிக்கும் பெண்ணின் மணிக்கட்டு அதை அறியும். மேற்கே ஓடிய பெரியாற்றுக்குக் குறுக்கே பொறியாளர் பென்னிகுயிக் அணை எழுப்பி, மலையைக் குடைந்து, 1895-இல் அந்நீரைக் கிழக்கே திருப்பியதும், சரிவு கிடைத்தால் தண்ணீர் தானே வந்து சேரும் என்ற நிச்சயத்தினாலன்றோ! கம்பத்து வயல்களின் பசுமை அந்த நிச்சயத்தின் பலன்.

ஆகையால், பிள்ளை திரையைச் சாய்த்துக் களிக்கும்போது, பெற்றோரே, அருகிலமர்ந்து ஒரு தட்டையும் ஒரு கோலிக்குண்டையும் அதன் கையில் கொடுங்கள். திரையில் கணக்காக இருப்பது தட்டில் பூமியின் விசையாகவே தட்டுப்படும். அறிவியலின் முதற்பாடம் அதுவே.