கரண்டு போனால் மூச்சு நிற்கலாமா?

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குக் கரண்டு போவது ஒரு செய்தியே அல்ல. பொழுது சாய்ந்ததும் இஞ்சின் ரூமில் எந்திரம் ஓடத் தொடங்கும். வீட்டுக்கு ஒரு விளக்கு எரியும். இரவு பத்து மணி வாக்கில் எந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அன்று யாருடைய மூச்சும் மின்கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை அல்லவா?

இன்று அப்படியா? பாக்கார் ஆராங் பக்கம் தாமான் வீட்டுக்குக் குடிவந்துவிட்ட குடும்பமானாலும் சரி, இன்னும் தோட்டத்திலேயே இருக்கும் குடும்பமானாலும் சரி, தாத்தாவின் கட்டிலருகே ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருக்கலாம். பல வருடம் சுருட்டும் சிகரெட்டும் பிடித்த நெஞ்சு. அல்லது பால்மர விறகுப் புகையில் ஆயுள் முழுக்கச் சமைத்த பாட்டியின் நெஞ்சு. விறகுப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட உண்மை.

நள்ளிரவு இரண்டு மணி. அந்தப் பெட்டி ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டு நிற்கிறது. மின்விசிறியும் நிற்கிறது. உங்கள் கை முதலில் எதைத் தேடும்? மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும்தானே! அங்கேதான் முதல் ஆபத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

“நம் நாட்டில் கரண்டு எங்கே போகிறது?” என்று நீங்கள் கேட்கலாம். அடிக்கடி போவதில்லை, உண்மைதான். ஆனால் 1992 செப்டம்பர் 29-ஆம் தேதியும், 1996 ஆகஸ்டு 3-ஆம் தேதியும் தீபகற்பம் முழுவதுமே இருண்டதை மறந்துவிட்டோமா? 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராய் மலையிலிருந்து வெள்ளம் பாய்ந்து யான், மெர்போக் பக்கத்தைப் புரட்டிப்போட்டது. மறு ஆண்டு ஜூலையில் பாலிங், கூப்பாங்கில் அதே கதை. வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் மின்சாரத்தை நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

2012 வாக்கில் தமிழ்நாட்டில் தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அதனால் அங்கே நடுத்தர வீடுகளில்கூட இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் சாதாரணச் சாமான் ஆகிவிட்டன. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே அந்தத் தயாரிப்பும் இல்லை.

சரி, பேட்டரி வாங்கினால் போதுமா? எந்த எந்திரத்துக்கு என்று முதலில் பார்க்க வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

வீட்டில் இருக்கும் மூச்சு எந்திரங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று சிபேப். தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு உரியது. 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் இதை உருவாக்கினார். முகமூடி வழியாகக் காற்றை ஊதி, தொண்டை மூடாமல் பிடித்துக்கொள்ளும். வேறு வேலை இல்லை. ஆகவே மின்சாரமும் கொஞ்சம்தான்: தண்ணீர் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டால் சுமார் 40 வாட்.

மற்றொன்று ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். இந்த எந்திரம் காற்றை அழுத்தி, சியோலைட் என்னும் மணிகளுக்குள் செலுத்தும். நைட்ரஜன் அதில் ஒட்டிக்கொள்ள, 90 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் உள்ள காற்று வெளியே வரும். காற்றை அழுத்துவது லேசான வேலையா? நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் எந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும்.

இப்போது கணக்குப் போடுவோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். மீதி 600. இன்வெர்ட்டர் தின்றது போக 500 என்று வையுங்கள். சிபேப் எந்திரத்துக்கு இது 12 மணி நேரம், அதாவது ஓர் இரவு தாராளமாகப் போதும். கான்சென்ட்ரேட்டருக்கோ ஒன்றரை மணி நேரம்கூட வராது! ஒரே பேட்டரி, ஒரே விலை. ஒரு வீட்டில் காப்பாற்றும், மறுவீட்டில் கைவிடும்.

காரிலிருந்து கழற்றிய பேட்டரி போதாதா என்பீர்கள். அது வண்டியைக் கிளப்புவதற்குச் செய்தது. மெல்ல மெல்ல முழுதும் இறங்குவதற்கல்ல. ‘டீப் சைக்கிள்’ பேட்டரி என்று கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டருக்கு வைக்கும் யுபிஎஸ் சில நிமிடங்களுக்குத்தான் ஆகும். இன்வெர்ட்டர் ‘பியூர் சைன் வேவ்’ வகையாக இருக்கட்டும். சிபேப் எந்திரத்துக்கு இன்வெர்ட்டரே இல்லாமல் பேட்டரியில் நேராக மாட்டும் கம்பியும் உண்டு. எந்திரம் விற்றவரிடம் கேளுங்கள். ஈய பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்போது எரியும் வாயு கிளம்பும். அதனால் அதைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள், கட்டிலுக்கடியில் வேண்டாம்.

கான்சென்ட்ரேட்டர் வீட்டுக்கு உண்மையான துணை பேட்டரி அல்ல, ஆக்சிஜன் சிலிண்டர். அதற்குக் கரண்டே வேண்டாம். 680 லிட்டர் கொள்ளும் ‘ஈ’ அளவு சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வரும். திருகை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்! “அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதே” என்று பதறி அளவைக் கூட்டினால், சில நோயாளிகளுக்கு உடம்பில் கரியமில வாயு சேர்ந்து மயக்கமே வந்துவிடும். மருத்துவர் சொன்ன அளவுதான்.

மெழுகுவத்திக்கு வருகிறேன் என்றேனே. ஆக்சிஜன் தானாக எரியாது. எரிகிறதை வெறிகொண்டு எரியவைக்கும். போர்வையிலும் தலைமுடியிலும்கூட அது தங்கியிருக்கும். ஆகவே மெழுகுவத்தி, சாமி விளக்கு, கற்பூரம், சிகரெட் எல்லாம் பத்தடிக்கு அப்பால். கையில் டார்ச் லைட் இருக்கட்டும். தைலம் தேய்த்த கையோடு சிலிண்டர் திருகைத் தொடாதீர்கள்; எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் ஆகாது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்கு எட்டாத தூரத்தில் ஓடவிடுங்கள். அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு இருக்கிறது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

தசை நோயால் தானாக மூச்சு விடவே முடியாமல், வென்டிலேட்டரில் இருப்பவர்களும் சில வீடுகளில் உண்டு. அங்கே ஒரு நிமிடமும் பெரிது. எந்திரத்துக்குள்ளேயே பேட்டரி வேண்டும். கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் ‘அம்பு’ பையும் பக்கத்தில் தொங்க வேண்டும். கையால் எவ்வளவு நேரம் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 1952-இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் போலியோ பரவியபோது எந்திரங்கள் போதவில்லை. சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டு, வாரக்கணக்கில், இரவும் பகலும் கையால் பையை அமுக்கி நோயாளிகளைப் பிழைக்க வைத்தார்கள். வீட்டில் இரண்டு பேராவது இதைத் தாதியிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு மின்தடையும் உண்டு, சொல்லக் கூச்சமானது. பில் கட்டாமல் லைன் வெட்டப்படுவது. 350 வாட் எந்திரம் நாள் முழுதும் ஓடினால் மாதம் 250 யூனிட் அதற்கு மட்டுமே ஆகும். கூலிக் குடும்பத்துக்கு அது பாரம்தான். கடன் ஏறும்வரை காத்திருக்காமல், மருத்துவர் கடிதத்தோடு தெனாகா நேஷனல் அலுவலகத்துக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள். தோட்டத்து லைன் என்றால் கிராணியிடமும் மேனேஜரிடமும் சொல்லிவையுங்கள். சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவ சமூகநலப் பிரிவு இருக்கிறது. சிலிண்டருக்கும் பேட்டரிக்கும் உதவி உண்டா என்று அங்கே கேட்பதில் வெட்கமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில், சிபேப் எந்திரத்தைப் பேட்டரியில் மாட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். சிலிண்டர் முள் எங்கே நிற்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். மின்தடை சொல்ல 15454, ஆம்புலன்சுக்கு 999. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். டார்ச் வெளிச்சத்தில் பேரப்பிள்ளையும் படிக்கிற மாதிரி.