இரத்தம் ஏற்றுதலும் எழுதி அறிவித்தலும்

1901-ஆம் ஆண்டில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்தப் பிரிவுகளை விளக்கிக் காட்டினார். அதன் பயனாய் ஒருவர் இரத்தம் மற்றொருவர் உயிரைக் காக்கும் வழி பிறந்தது. ஆயினும், ஆள் மாறிப் பொருந்தாத இரத்தம் ஏறுமாயின் அதுவே உயிருக்கு உலை வைத்துவிடும். ஆதலின் முதற் பதினைந்து நிமிடமும் நோயாளியை அருகிருந்து கவனித்தல் வேண்டும். குளிர் நடுக்கமோ, காய்ச்சலோ, மூச்சுத் திணறலோ, இடுப்பு வலியோ தோன்றின் ஏற்றுவதை உடனே நிறுத்திச் சிகிச்சை செய்து, நிகழ்ந்ததை எழுதி அறிவித்தல் வேண்டும்.

இத்தகைய அறிவிப்புகளை நாடெங்கும் திரட்டி ஆராய்வதற்கென 2012 டிசம்பர் 10-ஆம் நாள் இந்திய இரத்தக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. நொய்டாவிலுள்ள தேசிய உயிரியற்பொருள் நிறுவனம் அதனை ஒருங்கிணைக்கிறது.

நள்ளிரவில் நோயாளியின் அருகே நிற்பவர் பல இடங்களில் பயிற்சி மருத்துவரே. அறிவிப்புப் படிவம் ஒன்று உண்டென்பதை அவர் அறியாராயினும், பழி வருமென அஞ்சி வாளாவிருப்பாராயினும், அதே பிழை அடுத்த கட்டிலிலும் நேரக்கூடும். அறிவித்தல் எவரையும் குற்றஞ்சாட்டுதலன்று. பிழை நுழைந்த வழியை அடைத்தலேயாகும். பயிற்சியின் தொடக்கத்திலேயே இதனைக் கற்பித்தல் நன்று.

வேற்று மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. நம்மவருக்கு இரத்தம் ஏற்றுமுன் அவர் முழுப்பெயரைத் தெளிவாய்ச் சொல்லுவோம். நடுக்கங் கண்டால், மொழி வாராவிடினும் சைகையாலேனும் அக்கணமே உணர்த்துவோம்.