டென்னிஸ் பயிற்சியில் செயற்கை நுண்ணறிவு

“தனிமரம் தோப்பாகாது” என்பது நம் முன்னோர் மொழி. டென்னிஸ் விளையாட்டுக்கு இது மிகவும் பொருந்தும். வலைக்கு அப்பால் ஒருவர் நின்று பந்தைத் திருப்பி அடித்தால்தான் ஆட்டம். ஆனால் அப்படி எதிரே நிற்க ஆள் கிடைப்பது எளிதன்று. பள்ளி விட்டதும் ஒருத்திக்குப் பேருந்து, மற்றொருத்திக்கு டியூஷன். ஆகவே டென்னிஸ் கற்கும் மாணவியர் பலர் சுவரையே தோழியாகக் கொண்டு பழகுகிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

சுவர் நல்ல தோழிதான். சலிப்பில்லாமல் பந்தைத் திருப்பித் தரும். ஆனால் நாம் சரியாக அடித்தாலும் தவறாக அடித்தாலும் அது ஒன்றும் சொல்வதில்லை. பழக்கம் சரியானதையும் நிலைக்கச் செய்யும். தவறானதையும் நிலைக்கச் செய்யும். நூறு முறை தவறாக அடித்தவள் பழகிக்கொண்டது தவற்றைத்தான். தோளிலோ முழங்கையிலோ வலி வந்த பிறகே பலருக்கு இது தெரிய வருகிறது.

தனியாகப் பழகுவோரின் இந்தத் தொல்லை புதியதன்று. 1925, 1928 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் பட்டம் வென்ற பிரெஞ்சு வீரர் ரெனே லாகோஸ்த், பந்து எறியும் பொறி ஒன்றை 1920களிலேயே உருவாக்கினார். அப்பொறி ஓயாமல் பந்து தந்தது. ஆனால் அதுவும் சுவரைப் போல வாய் திறக்கவில்லை. தனியே பழகுபவருக்கு உண்மையில் வேண்டியது பந்தைத் தரும் கை மட்டுமன்று. பார்த்துச் சொல்லும் கண். அந்தக் கண்ணை இன்று செயற்கை நுண்ணறிவு ஓரளவு தருகிறது. எவ்வாறு என்று பார்ப்போம்.

முதலில், பந்தைக் காண்பது. கைபேசியின் கேமரா சாதாரணமாக வினாடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பந்து ஒரு வினாடியில் 30 மீட்டர் கடக்கும். அதாவது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஒரு மீட்டர் தாண்டிவிடும். பந்தின் குறுக்களவோ 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. படத்தில் அது மங்கிய கீற்றாகவே தெரியும். இதைக் கண்டுபிடிக்கத் தைவான் நாட்டு ஆய்வாளர்கள் 2019-இல் ‘டிராக்நெட்’ என்னும் முறையை வெளியிட்டார்கள். 2017-இல் தைபேயில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியின் டென்னிஸ் இறுதியாட்டத்திலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பந்து இருக்குமிடத்தைக் குறித்துக் கொடுத்துக் கணினியைப் பழக்கினார்கள். ஒரே படத்தில் தேடாமல், அடுத்தடுத்த மூன்று படங்களைச் சேர்த்துப் பார்க்கச் செய்தார்கள். வந்த வழி தெரிந்தால், மங்கிய பந்தும் அகப்பட்டுவிடும் அல்லவா? இப்போது ‘ஸ்விங்விஷன்’ போன்ற செயலிகள், ஆடுகளத்தின் பின்வேலியில் உயரமாகப் பொருத்திய ஒரே கைபேசியைக் கொண்டு, பந்து எங்கெங்கே விழுந்தது என்று குறித்துத் தருகின்றன.

அடுத்தது, உடலைக் காண்பது. கூகுள் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ‘பிளேஸ்போஸ்’ என்னும் முறை, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என மனித உடலில் 33 புள்ளிகளைக் குறிக்கிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய மூன்று புள்ளிகளையும் கோடுகளால் இணைத்தால் ஒரு கோணம் கிடைக்கும். நாம் வடிவியல் வகுப்பில் பாகைமானி வைத்து அளப்பதைத்தான் அது கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது.

தனிப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது சர்வீஸ். எதிராளியின் பந்துக்குக் காத்திராமல் நாமே தொடங்கும் அடி அது ஒன்றுதான். என் சர்வீஸ் அடிக்கடி வலையில் விழும். கையில் வலு இல்லாததே காரணம் என்று ஓராண்டாக நம்பி, மேலும் மேலும் ஓங்கி அடித்தேன். தோள் வலித்ததுதான் மிச்சம். பள்ளியில் கைபேசிக்கு அனுமதி இல்லாததால், ஒரு சனிக்கிழமை காலை அப்பா என்னை வேறொரு மைதானத்துக்கு அழைத்துச் சென்று, தம் கைபேசியை ஒரு ஸ்டூலின் மேல் வைத்துப் படமெடுத்தார். 20 சர்வீஸ்களில் 11 வலையில் விழுந்தன. பந்தைத் தொடும் நேரத்தில் என் முழங்கை நீளாமல் மடங்கியே இருந்ததைச் செயலி காட்டியது. நான் திகைத்துப் போனேன். கை நன்றாக நீண்டிருப்பதாகவே அதுவரை எண்ணியிருந்தேன்! பந்தை மேலே எறியும்போது போதிய உயரம் எறியாததே இதற்குக் காரணம் என்று எங்கள் விளையாட்டு ஆசிரியை விளக்கினார்கள். ஒரு மாதம் பந்தை உயர எறிவதை மட்டுமே பழகினேன். பிறகு எடுத்த படத்தில் 20-இல் 5 மட்டுமே வலையில் விழுந்தன. தோள் வலியும் நின்றது.

இதிலிருந்து நான் கற்றவை சில. ஒரு நாளில் ஒரே ஒரு குறையைத்தான் கவனிக்க வேண்டும். 20 பந்துகள் அடித்து, படத்தைப் பார்த்து, மீண்டும் 20 அடிப்பது, ஓயாமல் 200 அடிப்பதைவிட மேல். கைபேசியை நேர் பக்கவாட்டில், முழு உடலும் உயர்த்திய மட்டையும் தெரியும்படி வைக்க வேண்டும். கோணலாக வைத்தால் அளவும் கோணலாகும். சுவரில் பழகுவோர், வலையின் நடுப்பகுதி உயரமான 3 அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது.

கருவியை முழுவதும் நம்பிவிடவும் கூடாது. அந்த 33 புள்ளிகளில் மட்டை இல்லை. ஆகவே மட்டையைத் தவறாகப் பிடித்திருந்தால் அது சொல்லாது. வலியும் அதற்குத் தெரியாது. 2025-இல் விம்பிள்டன் போட்டியில் கோட்டு நடுவர்களுக்குப் பதிலாகக் கருவிகளையே அமர்த்தினார்கள். அவ்வாண்டே ஓர் ஆட்டத்தில், ஆடுகளத்தின் ஒரு பகுதியில் கருவி தவறுதலாக நிறுத்தப்பட்டிருந்ததால், வெளியே விழுந்த பந்து அறிவிக்கப்படாமல் போயிற்று. பல கேமராக்கள் உள்ள இடத்திலேயே இப்படியென்றால், ஒரு கைபேசியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. நம் படங்கள் நமக்கே உரியவை. பெற்றோர் அறியாமல் எந்தச் செயலிக்கும் அவற்றைக் கொடுக்கலாகாது. பயிற்சி முடிந்ததும் அழித்துவிடுவது நலம்.

தோழியரே! சுவர் பந்தைத் திருப்பித் தரும். கருவி குறையைக் காட்டும். ஆசிரியை அதன் காரணத்தைச் சொல்வார். ஆனால் மறுநாள் அதிகாலையில் எழுந்து, மட்டையை எடுத்துக்கொண்டு போய் அக்குறையைத் திருத்த வேண்டியவர் நாம்தாம். அந்த வேலையை நமக்காகச் செய்ய எந்த நுண்ணறிவாலும் இயலாது.