கிழட்டு லாரிக்கு அடித்த யோகம்!

ஓடாத லாரி எங்கே போகும்? காயலான் கடைக்குத்தானே! அமெரிக்காவில் கதையே வேறு. 1948-ல் போர்டு கம்பெனி வெளியிட்ட 'எப்-1' என்னும் சின்ன லாரி, நன்றாகப் புதுப்பித்தால், இன்று புது லாரி விலைக்கே போகிறது!

காரணம் என்ன? அன்று அதை யாரும் பொத்திப் பாதுகாக்கவில்லை. வைக்கோலும் எருவும் ஏற்றினார்கள். துருப்பிடித்ததும் இரும்புக்குப் போட்டார்கள். மிஞ்சியவை கொஞ்சம்தான்.

1960-களில் தாத்தாவின் அருகே அமர்ந்து அதில் சந்தைக்குப் போன சிறுவர்கள், இன்று கையில் காசுள்ள பெரியவர்கள். அந்த இன்ப நாட்களையே விலைக்கு வாங்கத் துடிக்கிறார்கள்! துருவை நீக்கி, தகரம் ஒட்டி, வர்ணம் பூசும் கூலியும் ஏறிவிட்டது. அதுவும் விலையில் சேர்கிறது.

தாத்தா எடைக்குப் போட்டதைப் பேரன் கடன் வாங்கித் தேடுகிறான்!